71 பெரிதா, 42 பெரிதா? கிட்னி கேன்சருக்கான கூட்டு மருந்துகளை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடை நடத்துகிறேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். அதனால் காய்ச்சல் மாத்திரை கேட்டு வருகிறவர்களோடு, கக்கத்தில் பெரிய ஸ்கேன் கவரை இடுக்கிக்கொண்டு வந்து நிற்கிறவர்களும் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் காசிமேட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பாவுக்குக் கிட்னியில் கேன்சர், நுரையீரலுக்கும் பரவிவிட்டது. சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை. போனை என் பக்கம் திருப்பி ஒரு அட்டவணையைக் காட்டினான். நான்கு ஜோடி மருந்துகள், பக்கத்தில் நான்கு எண்கள்: 71, 59, 56, 42.

"அண்ணே, 71 தானே பெருசு? அதையே போடச் சொல்லிடலாமா? கடன் வாங்கியாவது போட்டுடுறோம்ணே."

அந்த எண்கள் பொய்யில்லை. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில் வந்தது. ஆனால் அவற்றை இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, பெரியது எதுவோ அதற்குக் கை நீட்டினால் தப்பான இடத்துக்குப் போய்விடுவோம். கடை வாசலில் நின்று பத்து நிமிடத்தில் அவனுக்குச் சொல்லி முடிக்க முடியாததை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

ஏன் ஜோடியாகக் கொடுக்கிறார்கள்

சிறுநீரகப் புற்றுநோயில் சுமார் நான்கில் மூன்று பங்கு 'கிளியர் செல்' என்ற வகை. வழக்கமான கீமோதெரபி இதில் பெரிதாக எடுபடாது. இந்த வகைக் கட்டிகளில் பெரும்பாலும் விஹெச்எல் என்ற மரபணு கெட்டுப்போயிருக்கும். அது நன்றாக இருக்கும்வரை, ஹிஃப் என்ற புரதத்தை உடல் அவ்வப்போது அழித்துக்கொண்டே இருக்கும். விஹெச்எல் கெட்டுவிட்டால் ஹிஃப் தேங்கிவிடும். 'இங்கே ஆக்ஸிஜன் போதவில்லை, புது ரத்தக் குழாய் போடு' என்று செல்லுக்குள் ஓயாமல் உத்தரவு போகும். கட்டியைச் சுற்றி ரத்தக் குழாய்கள் மண்டும். செல் ஆக்ஸிஜனை உணரும் இந்த முறையைக் கண்டுபிடித்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ரத்தக் குழாய் உத்தரவைத் தடுக்கிற மாத்திரைகள் ஒரு பக்கம்: சுனிடினிப், ஆக்சிடினிப், காபோசான்டினிப், லென்வாடினிப். இன்னொரு பக்கம் இம்யூனோதெரபி ஊசிகள். நோயை எதிர்க்கும் நம் உடம்பின் டி செல்களுக்கு இயற்கையாகவே பிரேக் உண்டு. புற்றுநோய் அந்தப் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்கிறது. நிவோலுமாபும் பெம்ப்ரோலிசுமாபும் பிடி-1 என்ற பிரேக்கை விடுவிக்கின்றன, இபிலிமுமாப் சிடிஎல்ஏ-4 என்ற வேறொரு பிரேக்கை. இந்தப் பிரேக்குகளை விடுவித்துக் கேன்சரை எதிர்க்கலாம் என்று கண்டறிந்த ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல்.

பையனின் அட்டவணையில் இருந்த ஜோடிகள் இரண்டு விதம். மூன்றில் ஓர் ஊசியும் ஒரு மாத்திரையும்: பெம்ப்ரோலிசுமாபோடு லென்வாடினிப் (71), பெம்ப்ரோலிசுமாபோடு ஆக்சிடினிப் (59), நிவோலுமாபோடு காபோசான்டினிப் (56). நான்காவதில் இரண்டுமே ஊசி: நிவோலுமாபோடு இபிலிமுமாப் (42). எண்கள் எல்லாம் சதவீதம். நூறு பேரில் எத்தனை பேருக்குக் கட்டி ஓர் அளவுக்கு மேல் சுருங்கியது என்ற கணக்கு. சுருங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. எவ்வளவு நாள் சுருங்கியே இருந்தது, ஆள் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பது வேறு கணக்கு.

ஒரே சுனிடினிப், நான்கு விதமான முடிவு

இந்த நான்கு ஜோடிகளையும் ஒன்றுக்கொன்று நேருக்கு நேர் மோதவிட்டு யாரும் இந்த எண்களை எடுக்கவில்லை. நான்கு தனித்தனி ஆய்வுகள். ஒவ்வொன்றிலும் பாதிப் பேருக்கோ மூன்றில் ஒரு பங்கினருக்கோ பழைய மாத்திரையான சுனிடினிப் கொடுத்து, புது ஜோடியை அதோடுதான் ஒப்பிட்டார்கள். 2006இலிருந்து புழக்கத்தில் இருக்கும் மாத்திரை அது. அன்றைக்கு அதுதான் தரமான சிகிச்சை.

அட்டவணையில் யாரும் பார்க்காத அந்தச் சுனிடினிப் பக்கத்தைப் பாருங்கள். நீண்டகாலக் கண்காணிப்புக்குப் பிறகு, சுனிடினிப் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் செக்மேட் 9இஆர் ஆய்வில் 35.5 மாதம். செக்மேட் 214இல் 37.8. கீநோட் 426இல் 40.8. லென்வாடினிப் ஜோடியைச் சோதித்த, 'கிளியர்' என்றே பெயருள்ள ஆய்வில் 54.3 மாதம்! அதே மாத்திரை, அதே 50 மில்லிகிராம், அதே நான்கு வாரம் சாப்பிட்டு இரண்டு வாரம் நிறுத்தும் முறை. குறைந்ததுக்கும் கூடியதுக்கும் நடுவே ஏறக்குறைய 19 மாத வித்தியாசம். மொத்த நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால், எந்தப் புது ஜோடியும் தன் ஆய்வில் சுனிடினிப்பை விட இவ்வளவு கூடுதலாகக் கொடுக்கவில்லை. 9இஆரில் நிவோலுமாப், காபோசான்டினிப் ஜோடிக்கு 46.5 மாதம், அதாவது 11 மாதம் கூடுதல். 214இல் இரண்டு ஊசி ஜோடிக்கு 52.7, 15 மாதம் கூடுதல். கீநோட் 426இல் பெம்ப்ரோலிசுமாப், ஆக்சிடினிப் ஜோடிக்கு 47.2, சுமார் ஆறரை மாதம் கூடுதல்.

காசிமேட்டுப் பையனுக்கு மீன் கணக்கில் சொன்னேன், உடனே புரிந்துகொண்டான். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வஞ்சிரம் என்ன விலை, விசைப்படகெல்லாம் கடலுக்குப் போகும் மாதத்தில் என்ன விலை? மீன் ஒன்றுதான். நாள் வேறு, வரத்து வேறு. ஒருவர் தடைக்காலத்தில் வாங்கியதையும் இன்னொருவர் ஐப்பசியில் வாங்கியதையும் வைத்து யார் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியுமா? ஆய்வுகளும் அப்படித்தான். எந்த நாடு, எந்த ஆண்டு, எவ்வளவு முற்றிய நோயாளிகள், முதல் மருந்து நின்றபின் அடுத்த மருந்து கிடைத்ததா என்பதெல்லாம் மாறும்போது எண்ணும் மாறுகிறது. கிளியரில் சுனிடினிப் சாப்பிட்டவர்கள் நீண்ட காலம் வாழ்ந்ததற்கு, அவர்களில் பலருக்குப் பின்னால் இம்யூனோதெரபி கிடைத்தது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

அந்தக் கிளியர் ஆய்விலேயே இன்னொரு சங்கதி. 71 சதவீதம் சுருங்கியது, முழுதாக மறைந்தது 16 சதவீதம், நோய் மறுபடி வளராமல் பாதிப் பேர் தாண்டிய காலம் 23.9 மாதம். சுனிடினிப்பில் அது 9.2 மாதம்தான். பிரமாதமான முடிவு. ஆனால் கடைசியில் வாழ்நாள் கணக்கில் புது ஜோடிக்கு 53.7 மாதம், சுனிடினிப்புக்கு 54.3. அப்படியானால் பலனே இல்லையா? அப்படியும் இல்லை. பாதிப் பேர் என்ற அந்த ஒரு புள்ளியில் இரண்டு கோடுகளும் நெருங்கி வந்துவிட்டன, அதற்கு முந்தைய ஆண்டுகளில் புது ஜோடிக்காரர்கள் குறைவாக இறந்தார்கள். மொத்தக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் இறக்கும் அபாயம் சுமார் 21 சதவீதம் குறைவு. ஒரே ஆய்வின் ஒரே முடிவை 71 என்றும் சொல்லலாம், 23.9 என்றும் சொல்லலாம், 53.7க்கு 54.3 என்றும் சொல்லலாம். மூன்றும் உண்மை. உங்களிடம் யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், அது இதில் எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது மருந்தின் பெயரை அல்ல

அட்டவணையில் கடைசியாக இருந்த 42க்கு வருவோம். அது மொத்த நோயாளிகளின் கணக்கு இல்லை. நடுத்தர அபாயமும் அதிக அபாயமும் உள்ளவர்களை மட்டும் எடுத்த கணக்கு. மற்ற மூன்று எண்களிலும் குறைந்த அபாயக்காரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். நோய் வேகமாக ஓடுகிறவர்களில் வந்த 42ஐ, மெதுவாக நகர்கிறவர்களும் கலந்து வந்த 71உடன் ஒப்பிட்டுவிட்டோம்.

இந்த அபாயப் பிரிவுக்கு ஐஎம்டிசி கணக்கு என்று பெயர். ஆறே கேள்விகள். நோய் கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள் மருந்து தேவைப்படுகிறதா, நோயாளியால் வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாத நிலையா, ஹீமோகுளோபின் குறைவா, ரத்தத்தில் கால்சியம் அதிகமா, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு அதிகமா, பிளேட்லெட் அதிகமா. ஒன்றுமே இல்லையென்றால் குறைந்த அபாயம். ஒன்றோ இரண்டோ இருந்தால் நடுத்தரம். மூன்றும் அதற்கு மேலும் அதிக அபாயம்.

எனக்கு இதில்தான் மனசு ஆறவில்லை. லட்சக்கணக்கில் செலவாகும் முடிவை எடுக்க உதவுகிற இந்தக் கணக்குக்கு வேண்டியது சாதாரண ரத்தப் பரிசோதனை. எந்த அரசு மருத்துவமனை ஆய்வகத்திலும் எடுக்கலாம். அநேகமாக ஏற்கெனவே எடுத்திருப்பார்கள், கவருக்குள் இருக்கும். அப்படியிருந்தும் கடைக்கு வருகிற குடும்பங்களில் மருந்தின் பெயரை நுனிநாக்கில் வைத்திருப்பவர்கள் பலர், தங்கள் நோயாளி எந்தப் பிரிவு என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு. மருத்துவரிடம் "டாக்டர், அப்பா எந்த ரிஸ்க் குரூப்?" என்று ஒரு வரி கேட்டாலே போதும், பேச்சு வேறு தளத்துக்குப் போய்விடும்.

ஏன் இது இவ்வளவு முக்கியம்? செக்மேட் 214இன் ஆரம்ப முடிவுகளில் குறைந்த அபாயக்காரர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, இரண்டு ஊசி ஜோடியில் கட்டி சுருங்கியது 29 சதவீதம், பழைய சுனிடினிப்பில் 52 சதவீதம். நடுத்தர, அதிக அபாயப் பிரிவில் அப்படியே தலைகீழ், 42க்கு 27. அதே மருந்து, ஆள் மாறினால் முடிவு திரும்பிவிடுகிறது.

குறைந்த அபாயக்காரர்களில் சிலருக்கு உடனே மருந்தே வேண்டாம். நோய் சிறிதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தபடி காத்திருக்கலாம். 2016இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அப்படிக் காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஏறக்குறைய 15 மாதம் வரை மருந்து தேவைப்படவில்லை. "நாலாம் ஸ்டேஜ்னு சொல்லிட்டு சும்மா இருக்கச் சொல்றாரே" என்று டாக்டர் மேல் கோபப்பட்டுக்கொண்டு வந்த ஒரு அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் இரண்டு சொற்களையும் தேடுங்கள். 'கிளியர் செல்' இருக்கிறதா? மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் அந்த வகைக்குத்தான், வேறு வகை என்றால் இந்த அட்டவணையே பொருந்தாது. 'சார்கமடாய்ட்' என்று எழுதியிருக்கிறதா? மூர்க்கமாகப் பரவும் தன்மை அது, சுனிடினிப்புக்குச் சரியாக அடங்காது. ஆனால் இம்யூனோதெரபிக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது.

வேகமும் நிலைப்பும்

சரி, அபாயப் பிரிவு தெரிந்துவிட்டது. அப்புறம்? நான் புரிந்துகொண்ட வகையில், அடுத்த கேள்வி இன்றைக்கு அவசரம் என்ன என்பதுதான்.

மூச்சு வாங்குகிறது, கட்டி முதுகெலும்பை அழுத்துகிறது, ஆள் வாரத்துக்கு வாரம் மெலிகிறார். அப்படியானால் முதல் ஸ்கேனுக்குள் கட்டி சுருங்கியாக வேண்டும். அங்கே மாத்திரையும் ஊசியும் சேர்ந்த ஜோடிக்கு வலு அதிகம். லென்வாடினிப் ஜோடியிலும் காபோசான்டினிப் ஜோடியிலும் மருந்துக்கு அடங்காமல் எடுத்த எடுப்பிலேயே நோய் வளர்ந்தவர்கள் ஐந்தாறு சதவீதம்தான். இரண்டு ஊசி ஜோடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அப்படி ஆயிற்று. மூச்சுத் திணறலோடு இருப்பவருக்கு அந்த ஐந்தில் ஒன்று பெரிய சூதாட்டம்.

ஆனால் ஆள் திடமாக இருக்கிறார், காத்திருக்கக் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றால், இரண்டு ஊசி ஜோடி கொடுக்கும் பரிசு வேறு மாதிரியானது. அதற்கு அடங்குகிறவர்களுக்கு நீண்ட காலம் அடங்கியே இருக்கிறது. எட்டு ஆண்டுக் கண்காணிப்பில், கட்டி சுருங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தப் பலன் அப்படியே தொடர்ந்தது. நடுத்தர, அதிக அபாயப் பிரிவில் பாதிப் பேர் வாழ்ந்த காலம் 46.7 மாதம், சுனிடினிப்பில் 26. இபிலிமுமாப் மூன்று வாரத்துக்கு ஒரு முறை நான்கே தடவை, அதன்பின் நிவோலுமாப் மட்டும். தினசரி மாத்திரை இல்லை. வேலைக்குப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை எந்த அட்டவணையும் காட்டாது.

மூன்றையும் சேர்த்தே கொடுத்தால் வேகமும் நிலைப்பும் சேர்ந்து கிடைக்காதா என்று தோன்றும். செய்து பார்த்துவிட்டார்கள். காஸ்மிக் 313 ஆய்வில் 855 பேர். காபோசான்டினிப், நிவோலுமாப், இபிலிமுமாப் மூன்றும் சேர்ந்தபோது நோய் வளர்வது தள்ளிப்போனது, ஆனால் வாழ்நாள் கூடவில்லை. கடுமையான பக்கவிளைவு மட்டும் 56 சதவீதத்திலிருந்து 79 சதவீதமாக ஏறியது.

நம் தெருவில் பக்கவிளைவு என்பது

இந்தப் பகுதியை நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன். ஆய்வுத்தாளில் ஒரு வரியாக முடிவது, வீட்டில் ஒரு வருடமாக நடக்கும்.

இங்கேயும் எண்ணில் ஒரு பொறி. லென்வாடினிப் ஜோடிக்குக் கடுமையான பக்கவிளைவு 82 சதவீதம், இரண்டு ஊசி ஜோடிக்கு 46 சதவீதம் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருப்பார்கள். முதலாவதில் மருந்தால் வந்தது, நோயால் வந்தது எல்லாவற்றையும் எண்ணினார்கள். இரண்டாவதில் மருந்தால் வந்ததை மட்டும். முதலாவதையும் அப்படி எண்ணினால் சுமார் 72. இன்னும் அதிகம்தான், ஆனால் வித்தியாசம் அவ்வளவு இல்லை.

மாத்திரைகள் தரும் தொந்தரவு தினசரித் தொந்தரவு. ரத்த அழுத்தம் ஏறும், வயிற்றுப்போக்கு, சோர்வு, வாய்ப்புண், பசியின்மை. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தடித்து, வெடித்து எரியும். அலுவலக நாற்காலியில் இருப்பவருக்கு அது ஒரு சிரமம். வலை இழுக்கிறவர், ஐஸ் பெட்டி தூக்குகிறவர், துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர், மீன் கூடையோடு தெருத்தெருவாக நடக்கிற பெண்மணி ஆகியோருக்கு அது பிழைப்பையே நிறுத்திவிடும். உப்புத்தண்ணீர் வேறு. மருத்துவர் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்லிவிட வேண்டும். ஆய்விலேயே லென்வாடினிப் எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் அளவைக் குறைக்க வேண்டிவந்தது. அளவு குறைப்பது தோல்வி இல்லை, சிகிச்சையே அப்படித்தான் ஓடும். இது தெரியாமல் மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுனிடினிப்பில் தோல் மஞ்சளாகும். "மஞ்சக்காமாலை வந்துடுச்சு" என்று பயந்து கீழாநெல்லி தேடி ஓடுகிறவர்கள் உண்டு. கண் வெள்ளை மஞ்சளாகிறதா என்று பாருங்கள். தோல் மட்டும் என்றால் பெரும்பாலும் அது மருந்தின் நிறம். எப்படியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஊசியின் தொந்தரவு வேறு ஜாதி. பல மாதம் ஒன்றுமே இருக்காது, திடீரென வரும். விடுவிக்கப்பட்ட டி செல்கள் குடலையோ நுரையீரலையோ கல்லீரலையோ தைராய்டையோ தாக்கத் தொடங்கிவிடும். இபிலிமுமாப் சேர்ந்த ஜோடியில் இது அதிகம். இதில் நானே ஒரு தப்பு செய்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் ராத்திரி கடை மூடும் நேரத்தில் வந்து வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கேட்டார். லோபரமைடும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான்கு நாள் கழித்து அவர் மனைவி வந்தபோதுதான் தெரிந்தது, அவர் இம்யூனோதெரபி ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். குடல் அழற்சியை என் மாத்திரை மூன்று நாள் மூடி மறைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டீராய்டு கொடுத்துத்தான் தேற்றினார்கள். அன்றிலிருந்து வயிற்றுப்போக்கு என்று யார் வந்தாலும் "கேன்சருக்கு ஏதாவது ஊசி போடுறீங்களா?" என்று கேட்காமல் கொடுப்பதில்லை. நீங்களும் எந்தக் கடையில் எதை வாங்கினாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லிவிடுங்கள். ஊசி நின்று மாதங்கள் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். கொடுத்த ஸ்டீராய்டையும் திடீரென நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

மாத்திரையும் ஊசியும் சேர்ந்த ஜோடியில் வயிற்றுப்போக்கு வந்தால் எது காரணம்? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, ஜோடிகளை ஒப்பிடும்போது யாரும் அதிகம் பேசாதது. ஆக்சிடினிப் சில மணி நேரத்திலேயே உடம்பிலிருந்து பாதி வெளியேறிவிடும். மருத்துவர் அதை நிறுத்திப் பார்த்து, இரண்டு மூன்று நாளில் வயிறு அடங்கினால் காரணம் மாத்திரை என்று பிடித்துவிடலாம். அடங்காவிட்டால் ஊசியைச் சந்தேகிக்கலாம். காபோசான்டினிப்பின் பாதி வெளியேறவே நான்கு நாள் ஆகும், அதனால் அந்தத் தெளிவு தாமதமாகத்தான் கிடைக்கும். வயதானவர், தனியாக இருப்பவர், ஆஸ்பத்திரிக்குத் தூரம் என்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொன்று டிபி மாத்திரை. ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு ஆக்சிடினிப், காபோசான்டினிப், சுனிடினிப் மூன்றின் அளவும் ரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். விலை கொடுத்து வாங்கிய மாத்திரை வேலை செய்யாமலே போகும். டிபிக்கு வேறு துறையில், கேன்சருக்கு வேறு துறையில் பார்க்கிறவர்கள் இரண்டு சீட்டையும் இரண்டு இடத்திலும் காட்டியே ஆக வேண்டும்.

பணத்தைப் பற்றி

கடன் வாங்கியாவது என்று பையன் சொன்னான் அல்லவா. ஊசிகளின் செலவு ஒரு தவணைக்கே பெரும்பாலான வீடுகளின் பல மாத வருமானம். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. எந்த மருந்து எந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பட்டியலில் வரும் என்பதை வார்டில் விசாரிக்காமல் காப்பீட்டுக் கவுன்ட்டரிலேயே கேளுங்கள், எழுதி வாங்குங்கள். மருந்து நிறுவனங்கள் நடத்தும் உதவித் திட்டங்களும் உண்டு. அதற்கு மருத்துவர்தான் விண்ணப்பம் போட வேண்டும், முதல் தவணைக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. நகையை அடகு வைத்து இரண்டு தவணை போட்டுவிட்டு நிறுத்துவதைப் போல வேதனை வேறில்லை. எத்தனை தவணை தாங்கும் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பெம்ப்ரோலிசுமாபை மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடலாம், அளவைக் கூட்டி ஆறு வாரத்துக்கு ஒரு முறையும் போடலாம். நாள்கூலிக்காரருக்கும் கூடவே போகும் மகளுக்கும் பாதி அலைச்சல் மிச்சம்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 20 மில்லிகிராம் என்ற மிகக் குறைந்த அளவு நிவோலுமாபை வைத்து நடந்த ஆய்வு நல்ல பலன் காட்டியது, செலவும் கொஞ்சம். அதைப் படித்துவிட்டு வந்து கேட்பவர்கள் உண்டு. அது தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு, வேறு மருந்துகளோடு சேர்த்துச் செய்தது. கிட்னிக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது.

ஊசியே முடியாது என்றால் கதை முடிந்ததா? இல்லை. சுனிடினிப், லென்வாடினிப், எவரோலிமஸ் என்ற இன்னொரு கேன்சர் மாத்திரை ஆகியவற்றை நம் நாட்டு நிறுவனங்களே தயாரிக்கின்றன. கிளியர் ஆய்வில் மூன்றாவதாக ஒரு கூட்டமும் இருந்தது. லென்வாடினிப் 18 மில்லிகிராம், எவரோலிமஸ் 5 மில்லிகிராம், இரண்டுமே மாத்திரை. கட்டி சுருங்கியது 53.5 சதவீதம், நோய் வளராத காலம் 14.7 மாதம். சுனிடினிப்பை விட வாழ்நாளை அது கூட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் மூச்சு முட்டுகிறவருக்கு மூச்சு விட இடம் கொடுக்கும், ஊசி கனவில்கூட இல்லாதவருக்கு அது உண்மையான ஒரு வழி.

பணம் மிச்சப்படும் இடம் ஒன்றையும் சொல்கிறேன். இம்யூனோதெரபி போட்டு நோய் மறுபடி வளர்ந்த பிறகு, "வேற கம்பெனி ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்ற யோசனை வரும். கான்டாக்ட் 03 என்ற ஆய்வில் 522 பேரிடம் இதைச் சோதித்தார்கள். காபோசான்டினிப் மட்டும் சாப்பிட்டவர்களுக்கும், அதோடு இன்னொரு இம்யூனோதெரபி ஊசி சேர்த்தவர்களுக்கும் நோய் வளராத காலம் ஏறக்குறைய ஒன்றே, 10.8க்கு 10.6 மாதம். ஊசி கூடுதலாகக் கொடுத்தது பக்கவிளைவும் செலவும்தான். அந்தக் கட்டத்தில் யாராவது மறுபடி அதே வகை ஊசியைச் சொன்னால், ஏன் என்று மரியாதையாகக் கேட்கலாம்.

காசிமேட்டுப் பையன் மறுவாரம் வந்தான். கவரை இருவரும் சேர்ந்து பிரித்தோம். ஹீமோகுளோபின் 9.6. நோய் தெரிந்து ஆறு வாரம்தான். கால்சியமும் மற்ற அணுக்களும் சரியாக இருந்தன. இரண்டு புள்ளி, நடுத்தர அபாயம். பயாப்ஸியில் கிளியர் செல். அப்பா வலை கட்டுகிறவர், படிக்கட்டில் நான்கு படி ஏறினால் இளைக்கிறது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனான். காப்பீட்டுக் கவுன்ட்டரில் ஒரு நாள் முழுக்க நின்றான். ஊசி இப்போதைக்குக் கைக்கு எட்டவில்லை. உதவித் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, காத்திருக்கும் காலத்துக்கு லென்வாடினிப், எவரோலிமஸ் மாத்திரைகளைத் தொடங்கினார்கள்.

மூன்றாம் வாரம் உள்ளங்கை வெடித்தது. யூரியா களிம்பு கொடுத்தேன், டாக்டர் லென்வாடினிப்பை 14 ஆக இறக்கினார். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்கா தெருவுக்கு வரும்போதெல்லாம் அவருக்கும் பிரஷர் பார்த்துச் சொல்கிறார். பையன் அதை ஒரு பழைய டைரியில் தேதி போட்டு எழுதி வைக்கிறான். போன வாரம் மாத்திரை வாங்க வந்தபோது அந்த டைரியைக் காட்டினான். 150க்கு 90 என்று இரண்டு இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. அப்பா காலையில் மெல்லிய காட்டன் கையுறை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வலை கட்டுகிறாராம். முதல் ஸ்கேன் இந்த மாதக் கடைசியில்.